கால் படாத இடம்

ஏப்ரல் 2, புதன்

மாப்பிள்ளை தன் கம்பெனியில் கொடுத்ததென்று தந்த டைரி இது. சும்மா கிடந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலம் போனவனுக்கு, ராத்திரி கணக்கு எழுதி ஒப்படைக்காவிட்டால் நாள் முடிந்த மாதிரியே இருப்பதில்லை. ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான். அதனால் இன்றிலிருந்து எழுதுகிறேன்.

மகள் சங்கரியைப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வளைகாப்பு முடிந்து ஓசூரிலிருந்து கார். கை நிறையக் கண்ணாடி வளையல். இறங்கும்போது தெருவே வாசலில் நின்று அவள் வயிற்றைப் பார்த்தது. என் வீட்டுக்காரி வேலம்மாள் இருந்திருந்தால் ஆரத்தித் தட்டோடு நின்றிருப்பாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று சத்தம் போட்டேன். கூட்டம் சிரித்தது. பழக்க தோஷம், என்ன செய்ய?

கோழிகளைச் சங்கரிக்குக் காட்டினேன். எல்லாம் வேலம்மாள் விட்டுப்போன நாட்டுக்கோழிகளின் வம்சம். பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைத்துக் கொடுக்கவென்றே ஒன்றைக்கூட விற்காமல் வைத்திருக்கிறேன். பெயர் வைத்தது நான். நிற்காமல் ஓடுவது எக்ஸ்பிரஸ். நாலடிக்கு ஒரு தடவை நின்று கிளறுவது டவுன் பஸ். எதிலும் மூக்கை நுழைத்துச் சோதிப்பது செக்கர். சேவலுக்குப் பெயர் டிரைவர். முட்டைமேல் உட்கார்ந்தால் எழுந்திருக்காத கிழட்டுக் கோழி டிப்போ. மற்றவையெல்லாம் ரூட் கிடைக்காத ஸ்பேர் வண்டிகள்.

பக்கத்து வீட்டு அழகுத்தாய் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். வேலம்மாளின் சிநேகிதி. புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது, டெய்லரிங் மிஷின்தான் துணை. "கண்டக்டர் அண்ணாச்சி, இன்னைக்கு ஊர்க்கண்ணெல்லாம் பிள்ள மேலதான். மறக்காம உப்பு சுத்திப் போடுங்க" என்றார்.

வேலம்மாள் கல்லுப்பும் மிளகாயும் சுற்றி விறகடுப்பில் போடுவாள், படபடவென்று வெடிக்கும். இப்போது அடுப்பு கேஸ். தெரியாத்தனமாக அதில் போட்டு, சங்கரி இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் விட்டாள். மறுபடி சுவரோரம் போய் யோசனை கேட்டேன். "உப்ப மட்டும் சுத்தி ஒரு செம்புத் தண்ணில கரைச்சிருங்க. கரைஞ்சதும் கால் படாத எடமாப் பாத்து ஊத்துங்க. யாரும் மிதிச்சிரக் கூடாது" என்றார்.

இந்த வீட்டில் கால் படாத இடம் எது? வாசலில் சிமென்ட் ரோடு, பக்கத்தில் சந்து. கடைசியில் கண்டுபிடித்தேன். கொல்லையில் சப்போட்டா மரத்தடியில் கிடக்கிறதே வேலம்மாளின் பழைய ஆட்டுரல், கிரைண்டர் வந்த பிறகு குழவியைக்கூட எவனோ எடுத்துப்போன ஆட்டுரல், அதன் குழிக்குள் எவன் காலை வைக்கப் போகிறான்? அதில் ஊற்றினேன். நல்ல மூளைதான் எனக்கு.

ஏப்ரல் 5, சனி

பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா பிரஷர் இருக்கிறது என்றார். காலும் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் ஆகாது. "இதுக்கு முந்தி?" என்று கேட்டார். சங்கரி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறு மாசத்துல போயிருச்சு டாக்டர்" என்றாள். போன வருடத்தைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ உடனே வர வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதையாவது கையில் பிடித்துவிட வேண்டும்.

இன்று உப்பில்லாமல் சாம்பார் வைத்தேன். சங்கரி, "நல்லாருக்குப்பா" என்றாள். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். அவள் அம்மாவைப்போலவே முகம் மாறாமல் பொய் சொல்கிறாள். அழகுத்தாய் மிளகு தட்டிப்போட்டு எலுமிச்சை பிழிந்து ஒரு ரசம் கொண்டுவந்தார். அதில் உப்பு இல்லை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

சாயங்காலம் உப்பு சுற்றினேன்.

ஏப்ரல் 9, புதன்

கல்லுப்பு வாங்கினேன். "வீட்டுல உப்பே சேக்கிறதில்லன்னீங்க, பாக்கெட் பாக்கெட்டா வாங்குதீங்களே" என்று கடைக்காரர் கேலி செய்தார். திங்கிறதுக்கு இல்லப்பா என்றேன்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானமானால் கோழிகள் அத்தனையும் சப்போட்டா நிழலில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. தண்ணீர்ச் சட்டியைக் காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் வறண்டுவிடுகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

எக்ஸ்பிரஸ் செத்துப்போனது.

காலையில் கம்பு போட்டபோது முதலில் ஓடி வந்தது அதுதான். நான் துணி காயப்போட்டுத் திரும்பினால் சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. காயமில்லை, ரத்தமில்லை. தூக்கியபோது வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவ்வளவுதான். வெயில் தாக்கியிருக்கும். பின்னால் தரிசில் குழி தோண்டிப் புதைத்தேன். சங்கரியிடம் நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். "டவுனுக்குள்ள எங்கப்பா நரி?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன், பருப்பு வேகவில்லை.

ஸ்பேரில் ஒன்று போய்விட்டது. இன்னொன்று தள்ளாடித் தள்ளாடி நடந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. கையில் எடுத்துத் தடவிக் கொடுத்தேன். நல்ல நாளும் அதுவுமாகக் கையிலேயே போனது. கோழிக்காகக் கண் கலங்குகிறவன் என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அழகுத்தாய் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி இப்பிடி சாகுது? யாரு கண்ணு பட்டுச்சோ, கோழிக்கும் சேத்துச் சுத்துங்க" என்றார். சரியென்று பட்டது. இன்றிலிருந்து சங்கரிக்கு ஒரு பிடி, கோழிகளுக்கு ஒரு பிடி. ஒரே செம்பில் கரைத்து ஊற்றினேன்.

ஏப்ரல் 19, சனி

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் லீவில் இருக்கிறாராம். அங்கே இருந்தவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கழிச்சல் நோயாக இருக்கும் என்று தண்ணீரில் கலக்கிற மருந்து கொடுத்தார். மஞ்சளாக இருக்கிறது, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

சட்டியில் கலந்து வைத்தேன். ஒரு கோழியும் அலகை வைக்கவில்லை. செக்கர் மட்டும் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, டிக்கெட்டில்லாத பயணியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தாகம் எடுத்தால் தானாகக் குடிக்கும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அதனால் வைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அடைக்கும்போது பார்த்தால் அலகெல்லாம் ஈரமாகத்தான் இருக்கிறது. சட்டித் தண்ணீர் குறையவில்லை. என்ன மாயமோ.

டிப்போ அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கோழிப் பஞ்சத்தில் குஞ்சாவது வரட்டுமென்று பஞ்சாரக் கூடையை வீட்டுக்குள் ஸ்டோர் ரூமில் கவிழ்த்து, முட்டை வைத்து, ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் வைத்தேன். அடைக்கோழிக்கு மருந்து வேண்டாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடி ஒன்று. எழுத எதுவுமில்லை.

ஏப்ரல் 23, புதன்

பொன்னுத்தாய் அக்கா ஊரிலிருந்து சங்கரியைப் பார்க்க வந்தாள். அக்கா வந்தால் வீட்டில் ரேடியோ வேண்டாம். கோழிக் கூட்டைப் பார்த்தாள், சங்கரியின் காலைப் பார்த்தாள். மத்தியானம் அழகுத்தாய் வழக்கம்போல வந்து சங்கரியின் பாதத்தை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டிருந்ததையும் பார்த்தாள். அவர் போன பிறகு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏலே, தெனமும் வாராளா அவ?"

"வாராங்க. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பிள்ள பெறாதவ. தொட்டுத் தடவிட்டு இருக்கா. ஒன் மக காலு வீங்குது, ஒன் கோழி சாவுது. ஒனக்கு எதையும் விளக்கு வச்சுக் காட்டணுமோ?"

"சும்மா இருக்கா. அவங்க வேலம்மா கூடப் பிறந்த மாதிரி" என்றேன்.

"வேலம்மா என்ன ஆனா?" என்றாள் அக்கா.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எத்தனையோ ஜனத்தைப் பார்த்தவன் நான். அக்கா சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள், ஊரில் கோயில் கொடை நெருங்குகிறதாம். கொல்லை வெக்கை உள்ளே வருகிறதென்று பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கிற கொல்லைக் கதவைத் தாழ் போட்டு வைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

டவுன் பஸ் போய்விட்டது. அழகுத்தாய் இப்போது சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வருகிறார். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்கவில்லை.

உப்பு ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகச் சுற்றுகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் டிரைவர் சுவர்மேல் ஏறி நின்று கூவியது. வாலெல்லாம் வெயிலில் பளபளத்தது. அழகுத்தாய் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து, "எம்புட்டு அழகா நிக்கி பாருங்க, மாப்பிள்ள கணக்கா" என்றார். நானும் சிரித்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு டிரைவர் சப்போட்டா மரத்தடியில் மல்லாந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் கிண்ணத்தில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சங்கரி இன்று காலையிலிருந்து தலை பாரமாக இருக்கிறது என்று படுத்திருந்தாள். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

"அழகுத்தாயி, இனிமே பிள்ளையப் பாக்க வராதீங்க" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி? ஒறங்குதாளா?"

"ஒறங்கல. நீங்க வராதீங்க. நீங்க பாத்தா ஒண்ணும் தங்க மாட்டேங்குது."

என்னைத் தாண்டி உள்ளே ஒரு தரம் பார்த்தார். உடனே, பார்த்தது தப்பு என்பதுபோலக் கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். கிண்ணத்தைப் படியில் வைக்கப்போய், அதுவும் கூடாதோ என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

சங்கரி உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். "அம்மா இருந்தா இப்பிடிப் பேச விட்டிருப்பாளாப்பா?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும்.

ஏப்ரல் 30, புதன்

ஆஸ்பத்திரி. பிரஷர் ஏறியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் வந்து படுத்துவிட வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளைக்குப் பத்தாம் தேதிதான் லீவு. சம்பந்தியம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார்.

சங்கரியின் கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வீங்கிவிட்டன. யார் எண்ணெய் தடவுவது? நான் தடவினேன். கூச்சமாக இருந்தது, அவளுக்கும் எனக்கும்.

மே 2, வெள்ளி

ஸ்டோர் ரூமில் இருக்கிற டிப்போவும், வெளியே செக்கரும். அவ்வளவுதான் மிச்சம். அழகுத்தாய் வருவதை நிறுத்தியும் சாவு நிற்கவில்லை. இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "பட்டது பட்டதுதான்லே, ஒடனே போயிருமா?" என்றாள்.

தையல் மிஷின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. நான் போனால் நின்றுவிடுகிறது.

மே 5, திங்கள்

செக்கரும் போனது. நேற்று கத்திரி ஆரம்பம். புதைக்கக் குழி தோண்டிவிட்டு, என்ன தோன்றியதோ, சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் பையன், "என்ன சார் லக்கேஜ்?" என்றான். செக்கர் என்றேன். அவன் பயந்துவிட்டான்.

லீவு முடிந்து டாக்டர் வந்திருந்தார். சின்ன வயசுப் பெண். மேஜையில் வைத்து அறுத்துப் பார்த்தார். உள்ளெல்லாம் ஒரே தண்ணீர். நிதானமாகக் கையைக் கழுவிவிட்டு, "ரொம்பத் தாகம் எடுத்துக் குடிச்சிருக்கு. கருவாட்டுக் கழிவு, ஊறுகாய், இந்த மாதிரி உப்பா எதாவது வெளியில போடுறீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரே பெருமை. "எங்க வீட்டுல உப்பே சேக்கிறதில்ல டாக்டர். மகளுக்குப் பிரஷர்" என்றேன்.

"உறுதியாச் சொல்லணும்னா லேபுக்கு அனுப்பணும். எனக்கு உப்புன்னுதான் தோணுது. நோயா இருந்தா வேற மாதிரி இருக்கும். வீட்டச் சுத்தி நல்லாப் பாருங்க. எங்கயோ இருக்கு."

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். உப்பில்லாத வீட்டில் உப்பாம். படித்துவிட்டால் போதும், வாயில் வந்ததைச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். கொல்லைக்குப் போனேன். சப்போட்டா மரத்தடிக்குப் போனேன்.

மேலே எழுத வரவில்லை.

மே 6, செவ்வாய்

ஆட்டுரல் குழியின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். அதில் ஒரு இறகு. சுற்றிலும் ஈர மண்ணில் கோழிக் கால் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக, கம்பு போடுகிற இடத்தில்கூட அவ்வளவு தடம் இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்படியே துப்பினேன்.

தினமும் நானே என் கையால் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன். செத்துப்போகப் போக இன்னும் ஒரு பிடி கூட்டி ஊற்றியிருக்கிறேன். வெயிலில் சட்டி வறண்டபோது அவை அங்கே போய்க் குடித்திருக்கின்றன. நல்ல தண்ணீரையும் நிறுத்தி மஞ்சள் மருந்தை வைத்து, அங்கேதான் போ என்று விரட்டியும் விட்டேன். கால் படாத இடம் என்று தேடினேனே, மனுஷக் காலைத்தான் நினைத்தேன். டிப்போ பிழைத்தது வீட்டுக்குள் அடைக்குக் கிடந்ததால்.

உரலைக் கவிழ்க்கப் பார்த்தேன், தனியாளால் அசைக்க முடியவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு பலகையை மூடிக் கல் வைத்தேன்.

பிறகு சுவரோரம் போய் நின்றேன். அழகுத்தாய் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கூப்பிட வேண்டும் என்றுதான் போனேன். ஆயிரம் பேர் இருக்கிற பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் சொல்லிக் கூவிய தொண்டை. ஒரு பெயர் வரவில்லை. என்ன சொல்வேன்? உங்கள் கண்ணில்லை, என் உப்புதான் என்றா? சொன்னது சொன்னதுதானே. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம், பழகிய கை, உப்பை அள்ளிவிட்டது. சங்கரி பத்து நாளில் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "இன்னைக்குச் சுத்தலையாப்பா?" பிடித்த பிடியோடு நின்றேன். எங்கே கொண்டுபோய்ப் போடுவது? ஜாடியிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், "சித்திகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அழகுத்தாயை அவள் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

மே 7, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலை பதினோரு மணி இருக்கும். "அப்பா, லைட்டப் போடுங்க, இருட்டா இருக்கு" என்றாள் சங்கரி. கொளுத்துகிற வெயில், ஜன்னல் திறந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வண்டியில் வரும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வளையல்கள் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. நேற்று ஒரு நாள் சுற்றவில்லை, அதனால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. உப்புதான் கோழியைக் கொன்றது என்று தெரிந்த அதே மனசு. அதை என்ன செய்ய முடியும்?

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரசவ வார்டு வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். "உடனே எடுத்தாகணும். கூட லேடீஸ் யாரு வந்திருக்கா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"நான்தான்மா. அப்பா."

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது சார். துணி மாத்த, கூட நிக்க ஒரு லேடீஸ் வேணும். யாரும் இல்லையா?"

அக்காவுக்கு அடித்தேன். ஊரில் இன்று கொடை, மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது, எடுக்கவில்லை. எடுத்தாலும் வர மூன்று மணி நேரம். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அக்காவை விட்டால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான்.

"அழகுத்தாயி" என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆட்டோவில் வந்தார். கையில் துணிப்பை. அதில் பழைய சேலையைக் கிழித்துத் தைத்த துண்டுத் துணிகள், அடுக்கடுக்காக. அத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மிஷினில் இதைத்தான் தைத்திருக்கிறார். நான் வார்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றது எனக்கே தெரியவில்லை. அவர் எனக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, நான் உள்ள போகலாமா?"

நான் விலகினேன்.

மே 7, சாயங்காலம்

பெண் குழந்தை. எடை குறைவு, குறை மாதம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சங்கரிக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. ரெண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள், தாய்க்கும் சேர்த்துத்தான்.

அழகுத்தாய்தான் வெளியே வந்து சொன்னார். நான் கேட்டேன், பிள்ளை எப்படி இருக்கிறது, யார் ஜாடை என்று.

"நான் பாக்கல அண்ணாச்சி."

"நீங்கதான உள்ள இருந்தீங்க?"

"நர்ஸம்மா துணில சுத்திக் கொண்டாந்து காட்டுனாங்க. மொகத்தத் திருப்பிக்கிட்டேன். கைய மட்டும் நீட்டுனேன். பெட்டிக்குக் கொண்டுபோற வரைக்கும் கண்ணத் தொறக்கல." தன் கைகளைப் பார்த்து, "ரொம்ப லேசா இருந்துச்சு" என்றார்.

அந்த வராந்தாவில் அத்தனை பேருக்கு நடுவில் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுரல், உப்பு, டாக்டர் அறுத்துப் பார்த்தது, எல்லாம். உங்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது, நான்தான் முட்டாள், அக்கா பேச்சைக் கேட்டேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"உப்பாவும் இருக்கலாம் அண்ணாச்சி" என்றார். "கால் படாத எடத்துல ஊத்துங்கன்னு சொன்னதும் நான்தான?"

"அய்யோ, அது அப்பிடி இல்ல."

"இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னதுக்கப்பறம் நானும் யோசிச்சுப் பாத்தேன். ஒவ்வொண்ணா. எங்க வீட்டு ஆளு, வேலம்மா அக்கா, போன வருசம் சங்கரிக்குப் போனது. அப்பவும் நான்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன்." விரலால் சேலை நுனியைத் தைப்பதுபோல மடித்து மடித்துப் பிரித்தார். "எதுக்கு? சின்ன உசுரு. பெட்டில இருந்து வெளிய வரட்டும்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உரல் குழியில் ஊற்றியதையாவது இறைத்து வெளியே கொட்ட முடிந்தது. இதை எதைக் கொண்டு இறைப்பது?

மே 8, வியாழன்

சங்கரி கண் விழித்தாள். பேச்சு குழறுகிறது. பிள்ளையைக் கேட்டாள், சித்தியைக் கேட்டாள்.

காலையில் வீட்டுக்கு ஓடிப்போய் டிப்போவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். முட்டைமேல் அசையாமல் இருக்கிறது.

பதினோரு மணிக்குக் குழந்தைப் பெட்டி இருக்கும் ரூமில் ஜன்னல் திரையை விலக்கினார்கள். சொந்தக்காரர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், கால் மணி நேரம்தான் என்றார்கள். எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அழகுத்தாய் பெஞ்சில் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க, ரெண்டு பேரும் போவோம்" என்றேன்.

"நீங்க போய்ப் பாருங்க அண்ணாச்சி. தாத்தாவுல்ல."

"நீங்க வராம நான் பாக்க மாட்டேன்."

"பிடிவாதம் பண்ணாதீங்க. திரையப் போட்டுருவாங்க."

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஜன்னல் பத்தடி தள்ளித்தான் இருந்தது. யாரோ ஒருத்தர், "அந்தக் கடைசிப் பெட்டில பாரு, கைய ஆட்டுது பாரு" என்று சொன்னார்கள். அது எங்கள் பிள்ளையா என்று தெரியவில்லை. அழகுத்தாயின் தலை அந்தக் குரல் வந்த பக்கம் கொஞ்சம் திரும்பி, பாதியில் நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஆனதும் நர்ஸம்மா வந்து திரையை இழுத்து மூடினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி திறப்பார்களாம். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.